வெறுங்கால் ஷூவும் அம்மாவின் பாதமும்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் இன்னும் சிமெண்டுத் தரைதான். மாலையில் அம்மா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரக்காலோடு உள்ளே வரும்போது அந்தத் தரையில் அவருடைய பாதங்கள் பதியும். ஐந்து விரல்களும் ஒன்றையொன்று தொடாமல் விசிறிபோல் விரிந்திருக்கும். பெருவிரல் நேராக முன்னோக்கி நிற்கும். உள்பக்க வளைவு அழகாக உள்வாங்கியிருக்கும். அவருக்கு எழுபத்தோரு வயது. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகுதான் முதல் செருப்பைக் காலில் மாட்டியவர்.

அதே தரையில் என் ஈரக்காலை வைத்தால் வேறு குடும்பத்துப் பாதம்போல் இருக்கும். பெருவிரல் இரண்டாம் விரலின்மேல் சாய்ந்திருக்கிறது. அதன் அடிமூட்டு வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கிறது. சுண்டுவிரல் மடங்கி உள்ளே ஒளிந்துகொள்கிறது, அதன் மேல் ஒரு கால் ஆணி. பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகப் பத்தொன்பது ஆண்டுகள். அவற்றில் பெரும்பாலான ஆண்டுகள் முன்பக்கம் கூம்பிய, குதிகால் உயர்ந்த கறுப்பு ஷூவோடு வகுப்பறையில் நின்றிருக்கிறேன்.

வெறுங்கால் ஷூ வாங்கலாமா என்று சக ஆசிரியைகள் இப்போது என்னைக் கேட்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக நான் அதை அணிவதைப் பார்க்கிறார்கள். "வாங்குங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒற்றைச் சொல்லில் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. எங்கள் வீட்டில் அந்த ஷூவுக்கென்றே செய்ததுபோன்ற பாதம் அம்மாவுடையது. ஆனால் அதை ஒருநாளும் அணியக்கூடாதவரும் அவர்தான். இந்த முரணைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். வெறுங்கால் ஷூ என்றால் நான்கு சங்கதிகள். முன்பகுதி பாதத்தின் வடிவிலேயே அகன்றிருக்கும், விரல்கள் நெருக்கப்படாது. குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஓட்டத்துக்கான வழக்கமான ஷூக்களில் குதிகால் 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருப்பதை நாம் கவனிப்பதேயில்லை. அடிப்பாகம் மெல்லியது, பஞ்சு கிடையாது, தரையின் மேடு பள்ளம் உள்ளங்காலுக்குத் தெரியும். நான்காவதாக, கையில் எடுத்தால் சப்பாத்தியைப்போல் சுருட்டிவிடலாம். இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் விற்கிறார்கள். நான் செய்த தவறும் அவற்றை ஒரே மூட்டையாக வாங்கியதுதான்.

எனக்கு இந்த எண்ணம் வந்த இடம் கிரிவலப் பாதை. அம்மாவோடு பலமுறை பௌர்ணமியில் நடந்திருக்கிறேன். 14 கிலோமீட்டர், வெறுங்கால். வீட்டுக்கு வந்தால் கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கும், உள்ளங்காலில் எரிச்சல் இருக்கும். ஆனால் ஒரு முறை, குபேர லிங்கத்தைத் தாண்டும்போது, வருடக்கணக்காக என்னை விடாத சுண்டுவிரல் வலி மட்டும் இல்லை என்பதைக் கவனித்தேன். மறுநாள் பள்ளிக்குப் போய் அந்தக் கறுப்பு ஷூவுக்குள் காலை நுழைத்த பத்தாவது நிமிடம் அது திரும்பிவிட்டது. என் காலில் நோய் இல்லை, ஷூவில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. பாதியளவு அது சரி.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். 1958இல் ஹாங்காங்கில் ஷூ அணிந்து பழகிய சீனர்களையும் அணியாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பெருவிரல் சாய்ந்து மூட்டுப் புடைக்கும் குறை, அணிந்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு இருந்தது. அணியாதவர்களில் 1.9 சதவீதம். அதைப் படித்துவிட்டு என் வலது பெருவிரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்திலேயே இன்னொன்று நடந்திருக்கிறது. ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் இந்தியக் குழந்தைகள் 2,300 பேரின் பாதச்சுவடுகளை எடுத்து 1992இல் வெளியிட்டார்கள். தட்டைப்பாதம் ஷூ அணிந்த குழந்தைகளில் 8.6 சதவீதம், அணியாத குழந்தைகளில் 2.8 சதவீதம். திறந்த செருப்பு போட்ட குழந்தைகளைவிட, விரல்களை மூடும் ஷூ போட்டவர்களிடம்தான் அது அதிகம். எல்.கே.ஜி. குழந்தைக்குக் கறுப்பு ஷூவை இறுக்கிக் கட்டி அனுப்பும் நாடு இதை இன்னும் பேசவில்லையே என்ற கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு. நான்கு வயதுக் குழந்தையின் பாதம் மெழுகுபோல. எந்த அச்சில் வைக்கிறோமோ அந்த வடிவத்துக்குப் போகும்.

இந்த ஆய்வுகள் வளரும் பாதத்தைப் பற்றியும், ஷூ படாமலே வளர்ந்த பாதத்தைப் பற்றியும் பேசுகின்றன. நாற்பது ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த பாதத்தைத் திடீரென அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று அவை சொல்லவில்லை. ஆர்வத்தில் அந்த வேறுபாட்டை நான் தாண்டிப் போய்விட்டேன். ஐந்து மில்லிமீட்டர் அடிப்பாகம் கொண்ட ஒரு ஜோடி வாங்கினேன். வெளிநாட்டுத் தயாரிப்பென்றால் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது, நான் வாங்கியது உள்நாட்டில் செய்தது. போட்ட முதல் நாள் விரல்கள் விரிந்ததில் அப்படியொரு நிம்மதி. அன்றைக்கே தார்ச்சாலையில் நான்கு கிலோமீட்டர் நடந்தேன். தினமும் நடந்தேன். கெண்டைக்கால் வலித்தது, பழகிவிடும் என்று விட்டேன். மூன்றாவது வாரம் வலது பாதத்தின் மேற்புறத்தில், இரண்டாம் விரலுக்கு நேர் பின்னால், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி. இரவில் போர்வை பட்டாலும் வலித்தது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எலும்பு மருத்துவர் அந்தப் புள்ளியை அழுத்திப் பார்த்துவிட்டு, அழுத்தத்தால் எலும்பு களைத்துப்போயிருக்கிறது, விரிசலின் முந்தைய நிலை இது, ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பிடிபடாது என்றார். ஆறு வாரம் கெட்டியான அடிப்பாகம் கொண்ட செருப்பு, நடைப்பயிற்சி கிடையாது. "தசைக்கு வாரக்கணக்கில் பலம் வரும், எலும்புக்கு மாதக்கணக்கில் வரும். நீங்கள் தசையின் பேச்சைக் கேட்டு நடந்துவிட்டீர்கள்" என்றார். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்து 2013இல் வெளியிட்டிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஓடிப் பழகிய 36 பேரில் 19 பேரை விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூவுக்குப் பத்து வாரங்களில் மாற்றினார்கள். அவர்களும் படிப்படியாகவே மாறினார்கள். அப்படியும் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர்கோத்தல் கூடியிருந்தது, எலும்பு களைத்ததன் அடையாளம் அது. எனக்கு நேர்ந்தது என் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் அல்ல என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

வகுப்பில் விசை பற்றிப் பாடம் எடுப்பவள் நான். இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். நடக்கும்போது உடல் எடை தரையில் மோதும் விசையை எந்த ஷூவும் மாயமாக்குவதில்லை. எந்த இடம் அதைச் சுமக்கிறது என்பதுதான் மாறுகிறது. குதிகால் உயர்ந்த, பஞ்சு வைத்த ஷூவில் முழங்காலுக்கு வேலை அதிகம். தட்டையான மெல்லிய ஷூவில் அந்த வேலை கெண்டைக்காலுக்கும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணுக்கும், பாதத்தின் நடு எலும்புகளுக்கும் இறங்குகிறது. ஹார்வர்டின் டேனியல் லிபர்மன் குழு 2010இல் காட்டியதும் இதன் இன்னொரு முகம்தான். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு ஓடிப் பழகிய கென்யர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றினார்கள். அதனால் குதிகாலில் விழும் அந்த 'டொம்' என்ற அடி அவர்களுக்கு இல்லை. அதற்குப் பதில் அவர்களுடைய கெண்டைக்கால் சுமந்தது, சிறு வயதிலிருந்தே சுமந்து பழகியிருந்தது. ஆகவே முழங்கால் வலிக்காரர் ஒருவருக்கு இந்த ஷூ இதமாக இருக்கலாம். குதிநாணில் பழைய வலி உள்ளவருக்கு அதே ஷூ வேதனையைக் கூட்டலாம். இருவரும் தங்கள் அனுபவத்தைச் சத்தியமாகச் சொல்வார்கள்.

அபேபே பிக்கிலாவின் கதையை எல்லோரும் எடுத்து வைப்பார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் அந்த எத்தியோப்பிய வீரர் வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடத்தில் தங்கம் வென்றார். 1964 டோக்கியோவில் அதே பிக்கிலா ஷூ அணிந்து 2 மணி 12 நிமிடத்தில் மீண்டும் தங்கம் வென்றதை அந்தக் கதை விட்டுவிடும். நான் அவரிடம் பார்ப்பது, இரண்டுக்கும் பழக்கப்பட்ட ஒரு காலை. வெறுங்காலோடு பயிற்சி செய்தவர் வெறுங்காலோடு ஓடினார், அவ்வளவுதான். மிகைப்பேச்சுக்கு விற்பனையாளர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். விரல் பிரிந்த ஷூக்களைப் புகழ்பெறச் செய்த விப்ராம் நிறுவனம், கால் தசை வலுப்படும், காயங்கள் குறையும் என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் வழக்கைச் சந்தித்து, 2014இல் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கி அதை முடித்துக்கொண்டது. அதே சமயம் இதைப் பொய் என்று முழுக்கத் தள்ளவும் முடியாது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட வேலைகளுக்கு ஆறு மாதம் மெல்லிய ஷூ அணிந்தவர்களின் பாத வலிமை சராசரியாக 57 சதவீதம் கூடியிருந்தது. ஓடவில்லை, அன்றாட நடமாட்டம் மட்டும்தான். ஆறு மாதம் என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இனி அம்மாவுக்கு வருகிறேன்.

என் கால் ஆறிக்கொண்டிருந்த நாட்களில், அம்மாவுக்கும் ஒரு ஜோடி வாங்கித் தரலாம் என்று நினைத்தேன். விரிந்த விரல், நல்ல வளைவு, வெறுங்காலோடு பதினெட்டு ஆண்டுகள். இவரைவிடத் தகுதியானவர் யார்? அவருக்குப் பதினாறு ஆண்டுகளாகச் சர்க்கரை. ஒருநாள் அவருடைய வலது உள்ளங்காலில் ஒரு குண்டூசி ஏறியிருப்பதைப் பார்த்தேன். எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. "கிராமத்துக் காலம்மா இது, தோல் தடித்துப்போனது. அதனால் தெரிந்திருக்காது" என்றார். நானும் நம்பினேன். காய்த்துப்போன தோல் உணர்ச்சியைத் தடுக்கும் என்பது இயல்பாகத் தோன்றும் கணக்கு.

அது தவறான கணக்கு. லிபர்மன் குழுவே 2019இல் கென்யாவிலும் அமெரிக்காவிலும் சோதித்துப் பார்த்து, நடந்து நடந்து தடித்த தோல் பாதத்தின் தொடு உணர்வைக் குறைப்பதில்லை என்று வெளியிட்டது. தடித்த தோல் காக்கும், ஆனால் மறைக்காது. அப்படியென்றால் அம்மாவின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டது வேறொன்று, நரம்புகளைக் கெடுக்கும் சர்க்கரை.

மருத்துவமனையில் சோதனை மிக எளிமையாக இருந்தது. பிடியில் பொருத்திய ஒரு நைலான் இழை. உள்ளங்காலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும்படி செய்தது. அம்மாவைக் கண்ணை மூடச் சொன்னார்கள். "தெரியும்போது 'ம்' சொல்லுங்கள் அம்மா" என்றார் செவிலியர். கையில் தொட்டுக் காட்டியபோது 'ம்' என்றார். பெருவிரலின் அடியில் வைத்தார், இழை வளைந்தது, அம்மா காத்துக்கொண்டிருந்தார். முன்பாதத்தில் வைத்தார். சுண்டுவிரலுக்குக் கீழே வைத்தார். அம்மா கண்ணை மூடியபடி, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டேயிருந்தார். நான் பக்கத்தில் நின்று அந்த இழை வளைவதையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வெறுங்கால் ஷூவின் மொத்த நியாயமும் உணர்ச்சியில்தான் இருக்கிறது. கல் குத்தினால் கால் தானே எடையை மாற்றிக்கொள்ளும், தரை கடினமானால் அடி மெதுவாக விழும், ஓரிடம் தேய்ந்தால் நடை சற்றே சாயும். இதெல்லாம் நாம் யோசிக்காமலே நடப்பது. அந்தச் செய்தி வராத காலுக்கு மெல்லிய அடிப்பாகம் வெறும் ஆபத்து.

எங்கள் வேலூருக்கு இது புதிய பாடமும் இல்லை. 1946இல் இங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் போவதால் திரும்பத் திரும்பக் காயம்பட்டுத்தான் அழிகின்றன என்று உலகுக்குக் காட்டினார். உணர்ச்சியற்ற பாதத்துக்கான செருப்பு இங்கும் பக்கத்துக் கரிகிரியிலும் பெரிய ஆராய்ச்சியாகவே நடந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழி வந்ததுதான். உள்ளே நுண்துளை ரப்பர், எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும். கீழே முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி அடிப்பாகம். பின்னால் வார். ஒன்பதாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் அழுத்தச் சூத்திரம் அப்படியே செருப்பாக இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள், அதன் முன்பகுதியும் அகலமானது.

நான் கட்டிய மூட்டையை அங்கேதான் பிரித்தேன். அகலம் ஏறக்குறைய எல்லாப் பாதத்துக்கும் வேண்டும், அம்மாவுக்கும் எனக்கும். தட்டையான குதிகால் பலருக்கும் சரிவரும், ஆனால் கெண்டைக்கால் அதற்கு நீள வேண்டும். மெல்லிய அடிப்பாகம் மட்டும், உணர்ச்சியுள்ள, பழக்கப்பட்ட காலுக்கானது. எந்தச் சங்கடமும் இல்லாத முதல் படி, பஞ்சு இருந்தாலும் பரவாயில்லை என்று அகலமான ஒரு ஷூவுக்கு மாறுவது. என் கால் ஆணி முக்கால்வாசி அதிலேயே போய்விட்டது. பெருவிரல் சாய்வு நிமிரவில்லை, நிமிரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. வலி நின்றது.

உங்கள் காலை நீங்களே பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். மாலை என்று சொல்வதற்குக் காரணம், பகலெல்லாம் நின்ற பாதம் அப்போது சற்று வீங்கி முழு அளவில் இருக்கும். வெள்ளைத்தாளில் நின்று பாதத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். இப்போது போடும் ஷூவின் உள் அட்டையை எடுத்து அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். என் தாளில் இரண்டு விரல்கள் கிட்டத்தட்ட வெளியே நின்றன. அடுத்து, குதிகால் தரையில் பட, கழிவறையில் உட்காருவதுபோல் குந்தி உட்காருங்கள். நம் பாட்டிமார் இப்படி உட்கார்ந்தே காய் நறுக்கினார்கள். குதிகால் மேலே எழும்பினால் கணுக்கால் இறுகியிருக்கிறது, தட்டை ஷூவுக்கு அவசரம் வேண்டாம். பிறகு சுவரை லேசாகப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். என் பிசியோதெரபிஸ்ட் இருபது முறை கேட்டார், எனக்கு ஒன்பதில் நின்றுபோனது. மற்ற விரல்களைத் தரையில் வைத்துப் பெருவிரலை மட்டும் தூக்கிப் பாருங்கள், முதல் நாள் முடியாது, இரண்டு வாரத்தில் முடியும். பெருவிரல் மூட்டே வளைய மறுத்து வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தக் காலுக்கு வளையாத கெட்டி அடிப்பாகம்தான் இதம். சர்க்கரை இருந்தால் இந்தச் சோதனைகளுக்கெல்லாம் முன்னால் அந்த நைலான் இழைச் சோதனை. முடக்குவாதம், எலும்பு மெலிவு, பாதத்தில் பழைய முறிவு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மெல்லிய ஷூவுக்குப் போகக்கூடாது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறதா? அது ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். மார்பிளிலும் கிரானைட்டிலும் வெறுங்காலோடு நாளெல்லாம் நிற்பதே அந்த வலிக்கு உதவாது என்பதால்தான் வீட்டுக்குள்ளேயும் மெத்தென்ற செருப்புப் போடச் சொல்கிறார்கள்.

"ஹவாய் செருப்பும் மெல்லியது, தட்டையானது, அதுவே வெறுங்கால் ஷூதானே?" என்று ஒரு சக ஆசிரியை கேட்டார். நல்ல கேள்வி. ஹவாய் செருப்பு காலோடு ஒட்டி வராது. அது நழுவாமலிருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் அதைக் கவ்விப் பிடிக்கின்றன, குதிகால் தனியாக அடிக்கிறது. பின்வார் உள்ள தோல் செருப்பு இந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு. என் தாத்தா கழனிக்குப் போட்டுப்போன டயர் செருப்பு இன்னும் நெருங்கியது. மெக்சிகோவின் ராராமுரி மக்கள் பழைய டயரில் வெட்டி வாரால் கட்டிய செருப்போடு மலைப்பள்ளத்தாக்குகளில் ஓடுகிறார்கள் என்று படித்தபோது, தாத்தாவின் அந்தச் செருப்பைத் தூக்கிப்போட்டுவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது.

இரண்டாம் முறை நான் ஆரம்பித்தது அரை மணி நேரத்தில், வீட்டுக்குள். இரண்டு வாரம் கழித்துப் பள்ளி வளாகத்தின் மண்தரை. வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டினேன், கெண்டைக்கால் இறுகிய நாளில் விட்டுவிட்டேன். தார்ச்சாலைக்கு வர ஐந்து மாதம் பிடித்தது. இன்றும் நாள் முழுக்க நிற்கும் தேர்வு நாட்களில் அகலமான பஞ்சு ஷூவைத்தான் போட்டுக்கொள்கிறேன். பாதத்தின் மேற்புறம் ஒரே புள்ளியில் வலித்தால் அன்றே நிறுத்துவேன். தசை வலி பரவலாக இருக்கும், இரண்டு நாளில் இறங்கும். அந்தப் புள்ளி வலி அப்படி இறங்காது.

அம்மா இந்தக் கார்த்திகைக்குக் கிரிவலம் வரவில்லை. மருத்துவர் சொன்னதைக் கேட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு, "செருப்போடு சுற்றினால் அண்ணாமலையார் கோபித்துக்கொள்வாரா?" என்று கேட்டார். "கோபித்துக்கொள்ள மாட்டார் அம்மா" என்றேன். யோசிக்கிறேன் என்றார். இப்போதைக்கு மாலையில் கோட்டை அகழியை ஒட்டி நடக்கிறோம், அவர் எம்.சி.ஆர். செருப்போடு, நான் என் மெல்லிய ஷூவோடு. அவர் என்னைவிட வேகமாக நடக்கிறார்.

வீடு திரும்பியதும் அவர் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளை டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை. நேற்று இடது காலின் மூன்றாம் விரலிடுக்கில் கடுகளவு ஒரு கல் இருந்தது. எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுவா என்னோடு நடந்து வந்தது?" என்றார்.